பேனாக்கத்தியின் எழுத்தைப் படிக்க எந்தக் கண்ணாடி?

அப்பாவின் பேனாக்கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தபோது, 1938-ல், சீமைக்குத் திரும்பிப் போன துரை கொடுத்தது. "புத்தம் புதுக் கத்தி, பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொடுத்தார்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அலகு பிடிக்குள் நுழையும் அடிக்கட்டில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை: ஒரு நட்சத்திரம், ஒரு மால்டா சிலுவை, கூடவே பொடிப்பொடியாக எழுத்து. நாற்பது வயதில் அந்த எழுத்தை வெறும் கண்ணாலேயே படித்திருக்கலாம். அப்போது அது என்ன சொல்கிறது என்று எனக்கு அக்கறை இல்லை. அக்கறை வந்தபோது கண் போய்விட்டது, எழுத்தின் மேல் துருவும் ஏறிவிட்டது.

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். அம்கோர்ப் மாலின் பழம்பொருள் சந்தையில் பழக்கமானவர், வயது 48. "அண்ணே, எனக்கும் முத்திரை எல்லாம் மங்கலாத்தான் தெரியுது. மைக்ரோஸ்கோப் ஒன்னு பார்த்து வச்சிருக்கேன், வாங்கிடவா?" என்றார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, எழுதி அனுப்புறேன்" என்றேன். அந்தப் பதில் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

எதையும் வாங்குவதற்கு முன் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்து வேறு, கண்புரை வேறு, சர்க்கரை ஏறி இறங்குவதால் கண்ணாடி பவர் ஆடிக்கொண்டே இருப்பது வேறு. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் கணக்கெடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத மாதத்தில் பவர் பார்த்துக் கண்ணாடி செய்தால், அடுத்த மாதம் அது பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடி மாதிரி இருக்கும்.

வெள்ளெழுத்து என்றால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போய், பக்கத்துப் பொருளுக்காகக் குவிய மறுப்பது. பத்து வயதுப் பிள்ளை ஒரு பொருளை ஏழு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்க முடியும். அறுபதில் நமக்குக் கை நீளம் போதாது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. பலரும் கவனிக்காதது வெளிச்சக் கணக்கு. வயதாக ஆகக் கண்மணியின் துளை சிறுத்துப்போகிறது, வில்லை மஞ்சளாகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. அதாவது, எழுத்து சின்னதாக இருப்பது பாதிப் பிரச்சினை. நாம் அரை இருட்டில் உட்கார்ந்திருப்பது மறுபாதி. பெரிதாக்கும் கருவி எதுவும் அந்த இருட்டைத் தானாகப் போக்காது. பெரும்பாலும் அதிகமாக்கும்.

அதனால் என் பட்டியலில் முதலில் வருவது விளக்கு. விலை குறைந்த சின்ன டார்ச் போதும். ஆனால் அதைப் பிடிக்கும் விதம் இருக்கிறது. கத்தியை மேசையில் படுக்க வைத்து, டார்ச்சையும் ஏறக்குறையப் படுக்க வைத்து, வெளிச்சம் இரும்பின் மேல் தவழ்ந்து போகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். முத்திரை என்பது இரும்பில் அடித்த பள்ளம். பள்ளத்தின் ஒரு கரை பளிச்சென்றும் மறு கரை நிழலாகவும் விழும்போதுதான் எழுத்து எழுந்து நிற்கும். மேலே இருந்து நேராக அடித்தால் பள்ளமும் மேடும் ஒரே வெளிச்சத்தில் மூழ்கிவிடும். இதனால்தான் சுற்றிலும் எல்இடி வைத்து விற்கிற லூப்பை (நகைக்காரர்கள் கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கி) நான் சிபாரிசு செய்வதில்லை. பார்க்க ஜோராக இருக்கும், முத்திரை படிக்க மட்டும் உதவாது.

மேல்நாட்டுக் கத்திக்காரர்கள் "வடக்குப் பார்த்த ஜன்னலில் உட்கார்" என்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. நான் இருக்கும் பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைக்கும் குறைவான வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை மத்தியான சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் வடக்கு ஜன்னல் என்றால் மேசை முழுக்க வெயில்தான். நான் மாதத்துக்கு ஏற்ப நாற்காலியை மாற்றிப் போடுகிறேன். வீட்டுக்காரி இதைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத முடியாது.

சரி, கண்ணாடிக்கு வருவோம். கடையில் நாம் கேட்கும் கேள்வியே தப்பு: "எத்தனை மடங்கு?" இந்த மடங்குக் கணக்கில் இரண்டு வழக்கம் உண்டு. லென்ஸின் டயாப்டரை, அதாவது கண்ணாடிக் கடையில் பவர் என்று சொல்கிற எண்ணை, நான்கால் வகுப்பது கறாரான கணக்கு. அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது தாராளமான கணக்கு. ஐந்து டயாப்டர் லென்ஸ் முதல் கணக்கில் 1.25 மடங்கு, இரண்டாவதில் 2.25 மடங்கு. இரண்டும் ஒரே லென்ஸ். யார் எந்தக் கணக்கைப் பெட்டியில் அச்சடித்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? இணையத்தில் "30 மடங்கு" என்று போட்டிருந்த லூப் ஒன்றை நானும் வாங்கினேன். என் கையில் இருக்கும் நல்ல 10 மடங்கு லூப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதைவிடச் சின்னதாகத்தான் காட்டியது, எழுத்தைச் சுற்றி ஊதா ஓரம் வேறு.

ஆகவே தூரத்தைக் கேளுங்கள். "இதை மாட்டிக்கொண்டால் கத்தியை எங்கே வைக்க வேண்டும்?" பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதுதான் உங்கள் கைக்கும், வெளிச்சத்துக்கும், பாதுகாப்புக்கும் கிடைக்கிற இடம். மடங்கு ஏற ஏற இந்த இடம் சுருங்கும், பார்க்கிற பரப்பு சுருங்கும், ஆழத்தில் துல்லியமாகத் தெரிகிற அளவும் சுருங்கும். எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதுதான் வியாபாரம்.

ஃபார்மசியில் ஆயத்தமாகத் தொங்கும் படிப்புக் கண்ணாடியை யாரும் உருப்பெருக்கியாக நினைப்பதில்லை. நீங்கள் செய்தித்தாளுக்குப் போடுவது 2.50 என்றால் அது நாற்பது சென்டிமீட்டரில் குவிகிறது. கத்திக்காகவே 3.50 ஒன்று வாங்கி வையுங்கள். குவியம் 28, 29 சென்டிமீட்டருக்கு வந்துவிடும், இரண்டு கையும் சும்மா இருக்கும், எடை கிடையாது. ஸ்பிரிங்கில் எண்ணெய் விட, அழுக்குத் துடைக்க, அலகு நேராக மடங்குகிறதா என்று பார்க்க இது தாராளம். இரண்டு கண்ணுக்கும் பவர் அதிகம் வித்தியாசப்படுகிறவர்களுக்கும், உருளைப் பார்வைக் கோளாறு (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கும் ஆயத்தக் கண்ணாடி ஆகாது. அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும்.

கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடியை நான் பஞ்சாங்கம் பார்க்க வைத்திருக்கிறேன். அதோடு விட்டுவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஜன்னலோரம் வெயிலில் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் மேசை விரிப்பில் ஒரு கருப்புப் பொட்டு உண்டு.

லூப் விஷயம் விரிவாகப் பேச வேண்டியது. லிட்டில் இந்தியாவில் நகை செய்கிற பத்தர் ஒருவரிடம்தான் இதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். நான் லூப்பைக் கத்திக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எட்ட இருந்து எட்டிப் பார்த்தேன். "அப்படிப் பார்த்தா சாவித் துவாரம் வழியா தேர் பார்க்கிற மாதிரி" என்று சிரித்தார். லூப் கண்ணோடு ஒட்ட வேண்டும். லூப் பிடித்த கை கன்னத்தில் சாய வேண்டும். கத்தி பிடித்த கை, லூப் பிடித்த கையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்கைகள் மேசையில். அப்போது இரண்டு கையும் ஒன்றாக நடுங்கும், ஆகவே நடுங்காத மாதிரிதான். மற்றக் கண்ணை மூட வேண்டாம், கொஞ்ச நாளில் மூளை அதைக் கண்டுகொள்ளாது.

10 மடங்கு லூப்பின் குவியத் தூரம் இரண்டரை சென்டிமீட்டர். 20 மடங்கென்றால் ஒன்றேகால். அந்த இடுக்கில் வெளிச்சம் எங்கே போகும்? 10-க்கு மேல் போகாதீர்கள். மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த டிரிப்லெட் என்று கேட்டு வாங்குங்கள். ஒற்றை வில்லையில் ஓரம் வளையும், வானவில் நிறம் ஒட்டும். மூன்று சேரும்போது அந்தக் குறைகளை ஒன்றுக்கொன்று சரிக்கட்டுகின்றன. சோதிப்பது சுலபம். சதுரக் கட்டம் போட்ட தாளைப் பாருங்கள், ஓரத்துக் கோடுகள் வளையக் கூடாது. பணப்பையில் இருக்கும் ரிங்கிட் தாளில் நுண்ணெழுத்து வரியைத் தேடிப் பாருங்கள். கோடாகத் தெரிந்தது எழுத்தாக உடைந்தால் நல்ல லூப்.

நம் வயதுக்கு லூப்பில் ஓர் ஆறுதல் இருக்கிறது. குவிக்கிற வேலை முழுவதையும் லென்ஸே செய்துவிடுவதால், 25 வயதுக்காரரும் 65 வயதுக்காரரும் இங்கே ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உருளைப் பவர் அதிகம் இல்லையென்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். இரண்டு கண்ணில் ஒன்று மோசமென்றால் நல்ல கண்ணை வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்தும் இங்கேதான். திறந்த கத்தியைக் கண்ணிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டு வருகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடிக்கட்டின் முத்திரை அலகைத் திறந்தால்தான் முழுதாகத் தெரியும். நூறு வருஷத்து ஸ்பிரிங் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. அலகை முழுசாகத் திறந்து, நுனி முகத்திலிருந்து விலகிப் பக்கவாட்டில் போகிற மாதிரி பிடியுங்கள். பாதி திறந்து வைப்பது கூடவே கூடாது, விரல்மேல் மூடிக்கொள்ளும். என் ஆள்காட்டி விரலில் அதற்கு அத்தாட்சி உண்டு.

லூப் இல்லாமல் தீராத வழக்குகள் சில. முத்திரை உண்மையில் அடித்ததா, பிற்பாடு அமிலத்தால் அரித்ததா? அச்சால் அடித்த எழுத்தின் பள்ளத்தில் அடி தட்டையாக, ஆழமாக இருக்கும். இரும்பு ஒதுங்கியதால் கரை மெல்ல உப்பியிருக்கும். அரித்த எழுத்து ஆழமில்லாமல், அடி சொரசொரப்பாக இருக்கும். கரை மழுங்கி எழுத்து கரைந்து நிற்கிறதென்றால், யாரோ பாலிஷ் சக்கரத்தில் போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். அப்புறம் பெயர். ராட்ஜர்ஸுக்கு இருந்த மதிப்பால் அதே பெயரிலும், சாயல் பெயரிலும் கத்திகள் வந்தன. வில்லியம் ராட்ஜர்ஸ் என்ற முத்திரை வேறொரு ஷெஃபீல்டு கம்பெனியுடையது. 'ஜோசப்' இருக்கிறதா, ராட்ஜர்ஸ் என்ற ஆங்கில எழுத்துகளின் நடுவில் 'டி' (D) இருக்கிறதா என்பதில்தான் விலை இருக்கிறது.

நாட்டின் பெயர் இன்னொரு தடயம். 1890-ன் மெக்கின்லி சுங்கச் சட்டத்தால், 1891 மார்ச் முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. அதனால் 'இங்கிலாண்ட்' என்று இல்லாத கத்தி அதற்கு முந்தியது என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அமெரிக்காவுக்குப் போன கத்திக்கு அது பொருந்தும். மலாயாவுக்கு நேராகக் கப்பலேறி வந்த கத்தியில் நாட்டுப் பெயர் இல்லாதது எதையும் நிரூபிக்காது. பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் இதைச் சொல்லி விலை ஏற்றினால் தலையாட்டிவிட்டு அடுத்த பாய்க்குப் போங்கள்.

இப்போது தலையில் மாட்டும் கண்ணாடி. நெற்றிப் பட்டையில் இரண்டு லென்ஸ் தொங்கும், வேண்டாதபோது தொப்பி விளிம்பு மாதிரி மேலே தள்ளிவிடலாம். ஆப்டிவைசர் என்பது இதில் பேர்போனது. அதன் எண் 3 தகடு 1.75 மடங்கு, தூரம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். எண் 5 தகடு 2.5 மடங்கு, 20 சென்டிமீட்டர். எண் 10 தகடு 3.5 மடங்கு, 10 சென்டிமீட்டர். நான் வைத்திருப்பது 5. இருபது சென்டிமீட்டர் என்பது கத்தியைத் திருப்ப, டார்ச்சைச் சாய்க்க, அலகை மூடித் திறக்க இடம் விடுகிற தூரம். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் பள்ளம் பள்ளமாகவே தெரியும். வழக்கமான கண்ணாடிக்கு மேலேயே மாட்டலாம்.

அதில் ஒரு சிக்கல் உண்டு, இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். புரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே படிப்புக்கும் ஒரே லென்ஸ்) போட்டுக்கொண்டு மேலே இதை மாட்டினால், நேராகப் பார்க்கும்போது குவியம் 20 சென்டிமீட்டரில் இருக்கும். கண்ணைத் தாழ்த்தியதும் கீழே இருக்கும் படிப்புப் பவர் சேர்ந்துகொண்டு அது 13-க்குப் போய்விடும். தலையை ஆட்ட ஆட்டக் கத்தி நீந்தும், கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். தூரப் பார்வைக்கு மட்டுமான பழைய கண்ணாடி ஏதாவது இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு மாட்டுங்கள். மலிவுப் பிளாஸ்டிக் லென்ஸ் வகைகளும் வேலை செய்யும். ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், கண்ணாடி லென்ஸ் விழாது என்றில்லை, தாங்கும்.

கத்தி பார்க்கிற வேலையில் பத்தில் எட்டுப் பங்கு இந்த ஒன்றில் முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம். அலகைத் திறக்க நகம் வைக்கும் குழியிலிருந்து கிளம்பும் விரிசல், பூணுக்கும் பிடித் தகட்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளி, மாற்றி அடித்த ஆணி, சாணை பிடித்துத் தேய்ந்துபோன அலகு, கருமைக்கு அடியில் ஊசிக் குத்து போலத் தின்ற துரு, எல்லாம் தெரியும். பிரிட்டிஷ் ராணுவத்து மடக்குக் கத்திகளில் அம்பு முத்திரைக்குப் பக்கத்தில் ஆண்டு போட்டிருக்கும். 1943-ஆ 1948-ஆ என்று நானும் ஒரு வியாபாரியும் கால் மணி நேரம் வாதாடியிருக்கிறோம். முதல் ஆண்டென்றால் இங்கே ஜப்பான்காரன் காலம், இரண்டாவதென்றால் அவசரகாலம் தொடங்கிய ஆண்டு. கத்தியின் கதையே மாறுகிறது. தலைக் கண்ணாடியை மாட்டி, டார்ச்சைப் பாயில் படுக்க வைத்ததும் வாதம் முடிந்தது. எட்டின் இடது பக்கம் துருவில் நிரம்பியிருந்தது. வியாபாரி சொன்ன 1948-தான் சரி.

சந்தையில் இதை மாட்டிக்கொண்டு குந்தினால் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், வியாபாரி விலையை ஏற்றுவார். அதனால் வெளியே போகும்போது சட்டைப் பையில் லூப் மட்டும். வாங்கின கத்தியை மடக்கி, சுற்றி, நேராக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பொது இடத்தில் காரணமில்லாமல் கத்தி வைத்திருப்பதை தாக்கும் ஆயுதங்கள் பற்றிய மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

கைப்பேசியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது ஏற்கெனவே கையில் இருக்கிறது, காசு செலவில்லை. கத்தியின் மேல் கொண்டுபோய் ஒட்டினால் கைப்பேசியே நிழல் விழுத்தும். ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, படத்தை விரித்துப் பாருங்கள். நின்று நிதானமாகப் பார்க்கலாம், கத்தி கண்ணருகே வருவதில்லை, மற்றவருக்கு அனுப்பி "இது என்ன எழுத்து?" என்று கேட்கலாம். குறை என்னவென்றால், புதுக் கைப்பேசிகள் படத்தைத் தாங்களாகவே கூர்மையாக்குகின்றன. துருப் புள்ளி எழுத்தின் காலாக மாறிவிடும். படத்தை நம்பி வயது சொல்லக் கூடாது, சந்தேகம் எழுப்ப மட்டும்தான் அது.

கணினியில் சொருகும் யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. "1000 மடங்கு" என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். கையை ஆட்டினால் திரையில் ஒரு நொடி தாமதித்து ஆடும், அந்தத் தாமதத்தில் கூர்மையான பொருளைக் கையாளக் கூடாது. படம் எடுத்துப் பதிவு செய்ய நல்லது, அவ்வளவுதான்.

தம்பி பார்த்து வைத்திருந்தது இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், 7-லிருந்து 45 மடங்கு. பொய் சொல்ல மாட்டேன், அது சொர்க்கம். லென்ஸுக்கும் கத்திக்கும் நடுவே சாதாரணமாகப் பத்து சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். 0.5 பார்லோ லென்ஸ் மாட்டினால் இடம் இன்னும் கூடும், மடங்கு பாதியாகும். (பார்லோ என்று ஒரு மடக்குக் கத்தி வகை உண்டு, அதற்கும் இந்த லென்ஸுக்கும் உறவில்லை. லென்ஸ் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் பெயரில் வந்தது.) நண்பர் ஒருவரின் மைக்ரோஸ்கோப்பில் எலும்புப் பிடி ஒன்றைப் பார்த்தேன். எலும்பில் ரத்தக் குழாய் ஓடிய நுண்துளைகள், சின்னச் சின்னக் கருப்புக் கோடுகளும் புள்ளிகளுமாக, ஏர் உழுத வயல் மாதிரி விரிந்தன. தந்தத்தில் அந்தத் துளைகள் இருக்காது. பழைய காலத்துப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டில் கோடுகள் அச்சடித்த மாதிரி ஒழுங்காக ஓடும். ஆனால் இந்த மூன்றையும் 10 மடங்கு லூப்பிலேயே பிரித்துவிடலாம். மைக்ரோஸ்கோப் அதை அழகாகக் காட்டியது, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் பாதி மேசையை அடைத்துக்கொள்ளும், சந்தைக்கு வராது. கத்தியைச் செப்பனிடுகிறவர், கைக்கடிகாரமும் பார்க்கிறவர் வாங்கட்டும்.

பிடியைப் பற்றிப் பேசும்போது என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருஷமாக ஒரு சின்னக் கத்தியின் பிடி பழைய தந்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நெய் நிற மஞ்சள் எனக்கு அத்தாட்சி. வலது கண்ணில் புரை எடுத்த மறுவாரம் அதை எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணில் பிடி வெள்ளை. இடது கண்ணில் நெய். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். மஞ்சள் கத்தியில் இல்லை, என் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. லூப் வைத்துப் பார்த்தால் நுண்துளைகள் வரிசையாக நிற்கின்றன, சுத்தமான மாட்டெலும்பு. அதே நாளில் அலகுகளின் கருமையில் நீலம் இருப்பதையும் கண்டேன். அத்தனை வருஷம் அதைப் பழுப்பு என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். புரை இருக்கிறவர்கள் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்படியே நிஜத் தந்தமாக இருந்தாலும் வாங்காமல் விடுவது நல்லது, அழியும் உயிரினங்கள் பற்றிய 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வம்பு எதற்கு? சூடு போட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையும் வேண்டாம். செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும்.

வாங்கியதைப் பாதுகாப்பதும் விலையில் சேர்த்திதான். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி. லூப்போடு வருகிற தோல் உறையைத் தூரப் போடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கத்திக்கும் தோல் உறை எமன். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் பெட்டி இருந்தால் அதில், இல்லையென்றால் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். செல்லுலாய்டுப் பிடிக் கத்தியை மட்டும் அந்த மூடின டப்பாவில் மற்றவற்றோடு வைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்து இரும்பையும் தின்னும். அலகுக்குத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் பிசுக்கேறிவிடும்.

ஆகவே தம்பிக்கு என் கணக்கு இது: பக்கவாட்டு டார்ச் ஒன்று, ஐந்தாம் எண் தலைக் கண்ணாடி ஒன்று, நல்ல 10 மடங்கு டிரிப்லெட் ஒன்று. மூன்றும் சேர்ந்தால்கூட அவர் பார்த்து வைத்திருக்கும் மைக்ரோஸ்கோப்பின் விலையில் பாதிதான் வரும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர் தலைக் கண்ணாடி வாங்கலாம், சந்தையில் வாங்கி விற்கிறவர் லூப் வாங்கலாம். 48 வயதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் குவிக்கும் சக்தி மிச்சம் இருக்கிறது, மூன்றாம் எண் தகடே போதும் என்றுகூடத் தோன்றுகிறது. ஐந்து வருஷம் கழித்துத் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்பாவின் கத்திக்கு வருகிறேன். முத்திரையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே "கட்லர்ஸ் டு", அப்புறம் மூன்றெழுத்து, அப்புறம் "மெஜஸ்டி". 1822-ல் நான்காம் ஜார்ஜிடமிருந்து அரச அங்கீகாரம் வாங்கிய கம்பெனி அது. அந்த மூன்றெழுத்து "ஹிஸ்" என்றால் அரசர் காலம், "ஹெர்" என்றால் அரசி காலம். 1938-ல் சிம்மாசனத்தில் இருந்தவர் ஆறாம் ஜார்ஜ். ஆகவே புதுக் கத்தியென்றால் "ஹிஸ்" இருக்க வேண்டும். முதல் எழுத்து தெரிகிறது. மற்ற இரண்டின் மேல் துரு. பவுடரைத் தடவித் துடைத்துப் பார்த்தேன், எழுத்துக்குள் வெள்ளை தங்கினால் படிக்கலாம் என்று. துருக்குழியிலும் தங்கியது. லூப்பில் நிழல் நிழலாகத் தெரிந்ததை ஒரு நாள் இப்படிப் படித்தேன், மறுநாள் அப்படிப் படித்தேன். அம்மா சொன்னது மனசில் இருந்ததால் பெரும்பாலும் "ஹிஸ்" என்றே படித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்திருந்தான். நான்காம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி. ஏழு சென்டிமீட்டரில் பார்க்கிற கண் என்றால் கறாரான கணக்கில் மூன்றரை மடங்கு பூதக்கண்ணாடி அது, இலவசம். அலகை முழுசாகத் திறந்து, நுனிக்குத் தக்கையைச் செருகி, கத்தியை என் கையிலேயே பிடித்துக்கொண்டேன். டார்ச்சை மட்டும் அவனிடம் கொடுத்து, "மேலேயிருந்து அடிக்காதே, தரையோடு தரையா அடி" என்றேன். மூக்கு இரும்பில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். டார்ச்சை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நகர்த்தினான்.

"எச், இ, ஆர், தாத்தா. அந்த ஆருக்குக் கால் மட்டும் உடைஞ்சிருக்கு."

லூப்பை வைத்து, அவன் வைத்த இடத்திலேயே டார்ச்சை வைத்துப் பார்த்தேன். உடைந்த காலோடு 'ஆர்' நின்றது. விக்டோரியா இறந்தது 1901-ல். புதுக் கத்தி என்று நாங்கள் எழுபது, எண்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத் துரை கொடுத்த அன்றைக்கே அதற்குக் குறைந்தது 37 வயது. அவர் அப்பாவின் கத்தியாக இருக்கலாம். பெட்டி மட்டும் புதிதாக இருந்திருக்கும். பேரனுக்குச் செண்டோல் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு கிண்ணம் கேட்டான்.